முள்ளிநத்தத்து எட்டு நிழல்

மரமில்லாத ஊருக்கு நிழல் எங்கேயிருந்து வரும்னு கேட்டா, கரிசல்காட்டுல மத்த ஊர்க்காரன் மேகத்தைக் காட்டுவான், மேகமும் இல்லாத மாசத்துல தன் தலைத்துண்டைக் காட்டுவான். முள்ளிநத்தத்துக்காரன் மட்டும் ஒண்ணும் காட்டமாட்டான், குனிஞ்சு கால் பெருவிரலால மண்ணைக் கீறிக்கிட்டே பேச்சை மாத்திருவான். ஏன்னா அவன் ஊர்ல நிழல் இருந்துச்சு. எட்டு நிழல், வட்ட வட்டமா, காலையில மேற்கால சாஞ்சும் சாயங்காலம் கிழக்கால நீண்டும், உச்சிப்பொழுதுல தாம்பாளம் கவுத்த மாதிரி நேர் கீழேயும் கெடக்கும். அந்த நிழலுக்கு மேலே, பனை உசரத்துல, வெள்ளைத் துணிக்குடை விரிச்சு எட்டு வெள்ளைக்காரப் பையன்கள் தொங்கிக்கிட்டு இருந்தாங்க. யுத்தகாலத்துலேயிருந்தே அப்படித்தான் தொங்கிக்கிட்டு இருந்தாங்க.

பையன்கள்னுதான் சொல்லணும். குண்டு போடுற விமானத்துல போனவங்கன்னா மீசையை முறுக்கிக்கிட்டு நின்ன சிப்பாய்னு நினைச்சிராதீங்க, பாதிப் பேருக்கு மீசையே சரியா அரும்பல. அந்தக் காலத்துல பக்கத்துப் பொட்டக்காட்டைச் சமமாக்கி விமானம் இறங்குற இடம் ஒண்ணு போட்டிருந்தாங்க. பொழுது சாய அங்கே ஏறிப் போறவங்க, கடலுக்கு அந்தப் பக்கம் ஜப்பான்காரன் பிடிச்சு வச்சிருந்த தீவு மேல குண்டைக் கொட்டிட்டு விடியக்காலம் திரும்புவாங்க. போனது எல்லாம் திரும்பாது. திரும்பினதுல ஒண்ணு, எதிராளி சுட்டதுல ஒரு பக்கத்து இறக்கை பொத்தலாகி, வாலெல்லாம் தீயா, பங்குனி மாசத்துல ஒரு விடியல்ல முள்ளிநத்தத்துக்கு மேலே தள்ளாடிக்கிட்டு வந்துச்சு. உள்ளே இருந்த எட்டுப் பேரும் குதிச்சாங்க. ஆளில்லாத விமானம் கண்மாயைத் தாண்டிப் போய்ப் பக்கத்து ஊர்ப் புஞ்சையில விழுந்து எரிஞ்சுச்சு.

அவங்க குதிச்ச நேரம் அப்படி. தொடர்ந்து மழை பொய்ச்சு, விதைத் தானியத்தையே அவிச்சுத் தின்னு முடிச்சு, மிச்ச உசுரையெல்லாம் கூட்டி ஊரு அன்னிக்குத்தான் உச்சிமாகாளிக்குக் கொடைத் திருவிழா நடத்தக் கையில காப்புக் கட்டியிருந்துச்சு. காப்புக் கட்டின ஊருன்னா சும்மாவா? ஊர்க்காரன் எல்லையைத் தாண்டக்கூடாது, உலக்கை சத்தம் கேக்கக்கூடாது, எல்லாத்துக்கும் மேல எல்லைக்குள்ள சாவு விழக்கூடாது. விழுந்தா தீட்டு, காப்பை அறுத்துற வேண்டியதுதான், அந்த வருஷம் கொடை கிடையாது, கொடை இல்லைன்னா மழை கிடையாது. அண்ணாந்து பாத்த ஊர்நாட்டாமை வெயிலுமுத்துக்கு என்ன தெரிஞ்சதுன்னா, எட்டுச் சாவு மெள்ள மெள்ள எறங்கி வருது. ஒருத்தன் கால்லேயிருந்து ரத்தம் சொட்டிக்கிட்டு இருந்துச்சு. வெயிலுமுத்துக்கு அப்போ இளந்தாரி வயசு, நாட்டாமைப் பட்டம் கட்டி முதல் கொடை. அவர் திரும்பி அம்மனைப் பாத்துக் கையெடுத்து, ஊரே கேக்கும்படியா ஒரு சொல்லு சொன்னார்.

“ஆத்தா, நம்ம எல்லைக்குள்ள யாரும் விழல.”

காப்புக் கட்டின கையால கும்பிட்டு, சாமி முகத்தைப் பாத்துச் சொன்ன சொல்லு. பையன்கள் எட்டுப் பேரும் வந்த இடத்துலேயே நின்னுட்டாங்க. ஒரு குடையும் அதுக்கப்புறம் ஒரு முழம் கீழே எறங்கல.

உச்சிவேளையில லாரி போட்டுச் சிப்பாய்ங்க வந்தாங்க. விமானம் கெடக்கு, ஆளைக் காணோம், இங்கே யாரும் விழுந்தாங்களான்னு கேட்டாங்க. அதே பதில்தான். சொல்லும்போது ஊரே தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னுச்சு, வந்த அதிகாரி அதை மரியாதைன்னு நினைச்சு, தானும் தன் பூட்ஸைப் பாத்துக்கிட்டு நின்னுட்டுத் திரும்பிப் போயிட்டார். ஊர்க்காரன் பாக்காத பக்கத்தை வெளியாளும் பாக்கமாட்டான், அது உலக வழக்கம்.

அடுத்து நடந்ததை முள்ளிநத்தத்துல யாரும் வாயைத் திறந்து பேசறதில்ல. நான் சொல்றேன், எனக்கென்ன? அந்தப் பையன்கள் அப்போ உசுரோட இருந்தாங்க. கத்தினாங்க. கத்தினது புரியலைன்னு சொல்ல வழியில்ல, கையைக் குவிச்சு வாய்க்கிட்டே கொண்டுபோய்க் கொண்டுபோய்க் காட்டினாங்க, தாகத்துக்கு எந்தப் பாஷை வேணும்? ஒரு பனையேறி மட்டும் பொறுக்கமாட்டாம, சுரைக்குடுக்கையில தண்ணியை இடுப்புல கட்டிக்கிட்டு ஒருத்தனுக்குக் கை எட்டுற தூரத்துல, ஊர் விளிம்புல நிழலுக்கு ஆகாம நின்ன ஒத்தப்பனையில ஏறப் போனான், கால்ல பிடிச்சு இழுத்து எறக்கினாங்க. அப்படி ஒருத்தன் ஏறித் தண்ணி குடுத்தா ஆள் விழுந்தது நிசம்னு ஆயிருமேன்னு பயம். வெயிலுமுத்து மேளக்காரங்ககிட்டே போய் உருமியை நிறுத்தாதீங்கன்னார். அவங்களும் நிறுத்தல. கொடை முடிஞ்சு மேளம் ஓஞ்ச அன்னிக்கு ஊரு காதைத் தீட்டிக் கேட்டுச்சு, மேலேயும் ஓஞ்சிருந்துச்சு.

அந்த வாரமே மழை பெஞ்சது. பெய்யாமப் போயிருந்தாலாவது நாட்டாமையை நாலு பேர் ஏசியிருப்பாங்க, அந்த ஏச்சுல ஊரு கொஞ்சம் கழுவப்பட்டிருக்கும். பெஞ்சது, கண்மாய் மறுகால் பாயுற அளவுக்கு நல்ல மழை, வெக்கங்கெட்ட மழை. சோளமும் கம்பும் ஆளுயரத்துக்கு விளைஞ்சு நின்னப்போ, வாயைத் திறந்து யார் என்னத்தைப் பேச?

முதல் வருஷம் பயந்தாங்க. அப்புறம் பழகினாங்க. அதுக்கப்புறம் நிழலுக்கு வந்தாங்க. பையன்கள் அழுகவும் இல்ல, வத்தவும் இல்ல, காக்கா அண்டல, குடைத்துணி கிழியல, தலை மட்டும் நெஞ்சுல சாஞ்சிருந்துச்சு. பருத்தி எடுக்கப் போன பொம்பளைங்க ஒரு நாள் கஞ்சிக்கலயத்தை அந்த வட்டத்துல வச்சுக் குடிச்சாங்க. அடுத்த நாள் ஆட்டைக் கட்டினாங்க. பேர் தெரியாததுக்குப் பேர் வச்சாங்க, நெட்டையன், செம்பட்டை, கண்ணாடிக்காரன், ஒத்தப் பூட்ஸு, சின்னவன்னு. அண்ணன் தம்பி பாகம் பிரிக்கையில வடக்குப் புஞ்சையும் அதுல காலையில விழற நெட்டையன் நிழலும் மூத்தவனுக்குன்னு பேசி முடிச்சாங்க. அந்த நிழலுக்கு ரெண்டு குடும்பம் அரிவாளைத் தூக்கிக்கிட்டு நின்ன கதையும் உண்டு. நெட்டையனை யாரு கேட்டா?

ஆனா நிழல்ல உக்காந்தாலும் மேலே பாக்கிறதில்லைன்னு ஒரு ஒழுங்கு, யாரும் சட்டம் போடாமலேயே வந்துருச்சு. மத்த ஊர்ல தாய்மார் நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டுவாங்க, முள்ளிநத்தத்துல எறும்பைக் காட்டி ஊட்டினாங்க. மூணாம் பிறை பாக்கிறதை விட்டாங்க. கம்பம் நட வந்த கரண்டுக்காரன் ஒருத்தன் தொழில் நிமித்தமா அண்ணாந்து பாத்துட்டு, இதென்னய்யா இதுன்னான். நேர்த்திக்கடன்னு சொன்னாங்க. அவனும் கன்னத்துல போட்டுக்கிட்டு, சாமி சமாச்சாரம் நமக்கெதுக்குன்னு கம்பியைச் சுத்தி வளைச்சுக் கொண்டுபோனான். சுத்துப்பட்டியில இவங்களுக்குப் ‘பூமிபாத்தான் ஊர்’னு பேராச்சு. சந்தைக்குப் போனா பின்னங்கழுத்தை வச்சே கண்டுபிடிச்சிருவாங்க.

அந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவதான் உலகம்மாள், அதே வெயிலுமுத்துவோட மருமக. கல்யாணத்தன்னிக்கு எல்லைக்கல்லைத் தாண்டினதும் நாத்தனார்க்காரி காதுல, “தலையைக் குனிஞ்சுக்கோ மதினி”ன்னா, இவ அதைப் பொண்ணுக்கு உண்டான அடக்கம்னு நினைச்சுக் குனிஞ்சா. ரெண்டு மூணு நாள் கழிச்சுக் கொடியில துணி காயப்போடக் கையைத் தூக்கினப்போதான் பாத்தா. கத்தப் போனவளை மாமியார் வாயைப் பொத்தி உள்ளே இழுத்துட்டுப் போய், நடந்ததை ஒண்ணு விடாமச் சொல்லி, இனி இது உன் ஊரும்தான்னு முடிச்சுட்டா. அழுதா, ரெண்டு வேளை சாப்பிடல. மூணாவது வேளை சாப்பிட்டா. அதுதான் அவளுக்குப் பின்னாளெல்லாம் நெஞ்சுல முள்ளா நின்னுச்சு, மூணாவது வேளை பசிச்சது.

அவங்க வாசல்ல விழுந்தது சின்னவன் நிழல். அதுல கட்டில் போட்டுத்தான் மூணு பிள்ளையும் வளத்தா. ஒரு சங்கடம் என்னன்னா, கைப்பிள்ளைக்கு ஊர் ஒழுங்கு தெரியாதே, மல்லாக்கப் போட்டா மேலே பாத்துச் சிரிக்கும், கையை நீட்டிக் கூப்பிடும். முள்ளிநத்தத்துத் தாய்மார் பிள்ளையைக் குப்புறப் போட்டுப் பழக்கினாங்க. உலகம்மாளும் மூணையும் குப்புறப் போட்டா. மூத்ததைத் திருப்பிப் போட்டப்போ அது சிரிப்பை நிறுத்தாம அந்தரத்தையே திரும்பித் திரும்பிப் பாத்துச்சு. அன்னிக்கு அவளும் பாத்தா. இருபது வயசு இருக்கும் அவனுக்கு, உதடு வெடிச்சிருந்துச்சு, வலது கை குவிஞ்சபடியே இருந்துச்சு. பிள்ளை முதுகைத் தட்டித் தூங்க வச்சுட்டு அடுப்பைப் பாக்கப் போனா, வேறென்ன செஞ்சா?

பொம்பளைங்களுக்குன்னு பஞ்சாயத்துத் தலைவர் பதவியை ஒதுக்கின வருஷம் வெயிலுமுத்து மருமக பேரைத்தான் எழுதிக் கொடுத்தார். பேருக்குத் தலைவி, பேச்செல்லாம் மாமனார் பேச்சு. அவர் எம்பது தாண்டியும் கொடைக்கு அவரே முதல் காப்புக் கட்டுவார். புருஷன் செல்லையா அப்பன் கிழிச்ச கோட்டைத் தாண்டாத மனுஷன்.

அப்படி ஒரு பங்குனியில, காலையில காப்புக் கட்டி முடிச்ச அன்னிக்கே, வெள்ளை அம்பாசிடர் கார் ஒண்ணு ஊருக்குள்ளே வந்துச்சு. எறங்கினது அறுபது வயசுக்கு ஒரு வெள்ளைக்காரம்மா, அகலமான ஓலைத்தொப்பி, வெயில்ல வெந்த முகம். பேரு ஐவி. கூட மதுரையிலேயிருந்து பேச்சை மாத்திச் சொல்றதுக்குத் தெய்வசிகாமணின்னு ஒரு தம்பி. பங்குனியில வந்ததுல அதிசயமில்ல, அண்ணன் செத்த மாசத்துல அண்ணன் செத்த மண்ணைப் பாக்க வந்திருந்தா.

கார் சத்தம் கேட்டதும் வெயிலுமுத்து மருமகளைக் கூப்பிட்டார். யுத்த காலத்து ஆளைத் தேடி வந்திருக்காளாம், தலைவி நீதான், உன்கிட்டேதான் கேப்பாக, காப்புக் கட்டியாச்சு, யோசிச்சுப் பேசுன்னார். அப்புறம் குரலை எறக்கி, “நான் சொன்னதையே சொல்லு தாயி. ஒரு சொல்லு மாறினா நான் இத்தனை வருஷம் என்ன மனுஷனா இருந்தேன்னு ஆயிரும்”னார். அந்த முகத்தைப் பாத்தப்போ அவளுக்குக் கோவம் வரல. ராத்திரியில எத்தனையோ தடவை அவர் காதைப் பொத்திக்கிட்டு எந்திரிச்சு உக்காந்ததை அவ பாத்திருக்கா.

வாசல்ல நாற்காலி போட்டாங்க. ஐவியம்மா வெயிலைப் பொறுக்காம, நாற்காலியைத் தானே இழுத்து நிழல் வட்டத்துக்குள்ளே போட்டு உக்காந்தா. தொப்பி மறைச்சதால மேலே என்னன்னு தெரியல. அவ சொன்னதைத் தெய்வசிகாமணி தமிழ்ல சொல்லிக்கிட்டே வந்தான். ஆஸ்திரேலியாவுல உள்நாட்டுப் பக்கம், மழை மறைவான காடு, செம்மறி மேய்க்கிற குடும்பம். அண்ணன் பேர் லெஸ்லி, கிளம்பும்போது இவளுக்கு அஞ்சு வயசு, தோள்ல தூக்கிக்கிட்டு ஆட்டுக்கிடையைச் சுத்தி வந்தது ஒண்ணுதான் ஞாபகம். விமானம் கிடைச்சது, ஆளில்லைன்னு அரசாங்கம் சொல்லிருச்சு. அம்மாக்காரி நம்பல. ஆளில்லைன்னா எங்கேயோ இருக்கான்னு அர்த்தம்னு சொல்லிச் சொல்லியே செத்துப்போனா. எனக்குக் கல்லு நட வேண்டாம், பேர் வெட்ட வேண்டாம், அவன் விழுந்த இடம் எதுன்னு காட்டினாப் போதும், கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போயிருவேன்னா. பையிலேயிருந்து அண்ணன் படத்தை எடுத்து நீட்டினா, சின்னவன் முகம்.

உலகம்மாள் தயாரா வச்சிருந்த பொய்யை நாக்கு நுனிக்குக் கொண்டுவந்துட்டா. சுத்தி நின்ன ஊரும் வழக்கம்போலக் குனிஞ்சுக்கிட்டு நின்னுச்சு. அப்போ ஐவியம்மா முந்திக்கிட்டு, கைக்குட்டையால விசிறிக்கிட்டே ஏதோ சொல்லிச் சிரிச்சா. தெய்வசிகாமணி மாத்திச் சொன்னான். “இந்த நிழல் ரொம்ப இதமா இருக்காம். அவங்க ஊர்லயும் மரம் கிடையாதாம், நிழலோட அருமை தெரியும்ங்கிறாங்க.”

உலகம்மாளுக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சு. மூணு பிள்ளை வளத்த நிழல், கட்டில் போட்ட நிழல், பொரணி பேசின நிழல், இப்போ அவன் தங்கச்சியே அதுல உக்காந்து நன்றி சொல்றா. இதுக்கு மேலே ஒருத்தி எப்படி வாயை மூடிக்கிட்டு நிப்பா? கையில கட்டியிருந்த காப்பைப் பிடிச்சுக்கிட்டு அம்மன் கோயில் பக்கம் திரும்பினா.

“ஆத்தா, நம்ம எல்லைக்குள்ளேதான் விழுந்தாங்க. எட்டுப் பேரும் இங்கேதான் விழுந்தாங்க.”

குடைகள் அசைஞ்சது. நல்ல உச்சி வெயில்ல, ஊரு முழுக்கப் பாத்துக்கிட்டு இருக்க, பையன்கள் எறங்கி வந்தாங்க. நெட்டையன் வடக்குப் புஞ்சையில, கண்ணாடிக்காரன் பள்ளிக்கூடத்துப் பக்கம், செம்பட்டை களத்துல, ஒவ்வொருத்தரா தரை தொட்டுச் சாஞ்சாங்க, மேலே வெள்ளைத்துணி மெள்ளப் படிஞ்சு மூடிச்சு. முதல்ல எழுந்தது ஏச்சுத்தான். வாழ வந்தவ ஊரைக் காட்டிக் கொடுத்துட்டா, காப்பு அறுந்துச்சு, கொடை போச்சுன்னு நாலா பக்கமும் கத்தினாங்க. செல்லையா பொண்டாட்டியைப் பாக்காம முகத்தைத் திருப்பிக்கிட்டான். பெறகு ஒரு கிழவி செம்பட்டை தலையைத் தூக்கி மடியில வச்சு, “எய்யா, என் ராசா”ன்னு ஒப்பாரி வைக்கவும் ஊரோட குரலே மாறிப்போச்சு. அடக்கி வச்ச அழுகை அத்தனையும் பொத்துக்கிட்டு வந்துச்சு.

அழுகை நிசம்தான், அதைக் குத்தம் சொல்லமாட்டேன். ஆனா அழுத சுகத்துல ஊரு எந்திரிச்சு நின்ன அழகு இருக்கே! நாதியத்த பிணம், நாமதான் பங்காளின்னு ஆம்பளைங்க வரிசையில நின்னு மொட்டை போட்டாங்க, எனக்கு உனக்குன்னு கொள்ளிப்பானைக்குப் போட்டி. மறுநாள் விடியறதுக்குள்ளே எட்டுப் பேரையும் படம் பிடிச்சு, டவுனுக்குப் போய்க் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி அடிச்சு ஒட்டிட்டாங்க, ‘எங்கள் குலவிளக்குகளே’ன்னு. அதுல அஞ்சலி செலுத்துறவங்க பேர் பெரிய எழுத்து. நீர்மாலை எடுக்க, பிணத்தைக் குளிப்பாட்டத் தண்ணி கொண்டு வரணுமில்லையா, தலைக்கு மேலே வேட்டியைப் பந்தலாப் பிடிச்சு, முன்னால மேளம் அடிச்சு, பொம்பளைங்க குடம் குடமா ஊர்க்கிணத்துல எடுத்துட்டு வந்தாங்க. இந்தக் காலத்துல எந்த ஊரு இப்படிச் செய்யும்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிட்டாங்க. ஏழு பேரைக் குளிப்பாட்டிக் கோடித்துணி போத்தி, கோயில் பொட்டல்ல அடக்கம் பண்ணினாங்க.

ஏழு பேரைத்தான். சின்னவன் எறங்கல. எல்லாரோடயும் சேந்து வந்தவன், நாட்டாமை வீட்டு வாசல்ல தரைக்கு ஒரு முழம் இருக்கையில நின்னுட்டான். ஐவியம்மா முதல் நாள் மதியத்துலேயிருந்து அவன் பூட்ஸைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு மண்டி போட்டிருந்தா. ஊர்க்காரங்க தோளைப் பிடிச்சு அமுக்கிப் பாத்தாங்க, கால்ல அம்மிக்கல்லைக் கட்டிப் பாத்தாங்க, பூசாரி வேப்பிலை அடிச்சார். அசையல. வெயிலுமுத்து கட்டில்லேயிருந்தபடியே ஒரு யோசனை சொன்னார். ஒரு முழம்தானே, அவன் எறங்கலைன்னா மண்ணை ஒசத்து, மேடு கட்டி அதுலேயே பீடமா அடக்கிரலாம்னார். நல்ல யோசனைன்னு ஆளுக்கொரு கூடை மண்ணைக் கொண்டுவந்து கொட்டினாங்க. மண்ணு ஒசர ஒசர அவனும் ஒசந்தான். மேட்டுக்கும் அவனுக்கும் அதே ஒரு முழம். ஐவியம்மா அந்தப் புழுதியில அவனோட சேந்து மேலே மேலே முழங்காலால ஏறினதைப் பாக்கச் சகிக்கல. வெக்கமாப் போய் மண்ணை மறுபடியும் அள்ளினாங்க.

ஏன் எறங்கலைன்னு உலகம்மாளுக்குத் தெரியும். ஊருக்கும் தெரியும். சொன்னது பாதி, சொல்லாதது மீதி, அந்த மீதி அளவுக்கு அவன் நிக்கிறான். முதல் பாதியைச் சொன்னதுக்கே புருஷன் முகம் பாக்கல. மீதியையும் சொன்னா மாமனார் இனிமே எந்த முகத்தோட சாவார், தன் பிள்ளைங்க எந்த ஊர்ப் பேரைச் சொல்லிக் கல்யாணம் பேசும்? விழுந்துட்டாங்க, செத்துட்டாங்கன்னா விதி. கேக்கக் கேக்க மேளம் அடிச்சோம்னா அதுக்குப் பேரென்ன? அந்தம்மாவுக்குத்தான் அது தெரியாம இருந்தா என்ன, தெரிஞ்சு என்ன நிம்மதி வந்துரப் போகுதுன்னுகூட உலகம்மாள் நினைச்சுப் பாத்தா. அந்த நினைப்பு நல்ல நினைப்பு மாதிரிதான் இருந்துச்சு. ஆனா அவன் கை அவ முகத்துக்கு நேரா இருந்துச்சு, குவிஞ்ச கை.

கூட்டத்தை விலக்கிக்கிட்டுப் போய் ஐவியம்மாவுக்கு எதிர்ல தரையில உக்காந்தா. தெய்வசிகாமணியையும் உக்காரச் சொன்னா. “தம்பி, நான் சொல்றதை அப்படியே சொல்லணும்”னுட்டு ஆரம்பிச்சா. எறங்கி வந்தப்போ உசுரோட இருந்தாங்க, எட்டுப் பேரும். தண்ணி கேட்டாங்க, இந்தா இந்தக் கையாலதான் கேட்டான் உங்க அண்ணன். ஏறிக் குடுக்கப் போனவனைப் பிடிச்சு எறக்கினோம். சத்தம் கேக்கக்கூடாதுன்னு மேளத்தை ஓங்கி அடிச்சோம். மழை வேணும்னு அப்படிச் செஞ்சோம், மழையும் பெஞ்சது. அன்னிக்கு அவ பிறக்கவேயில்ல, இருந்தாலும் ஒவ்வொண்ணுலயும் ‘நாங்க’ன்னுதான் சொன்னா, யாரும் வற்புறுத்தல.

தெய்வசிகாமணி இங்கிலீஷ்ல நாலே வார்த்தை சொன்னான். ஐவியம்மா தலையை ஆட்டினா. சின்னவன் நின்ன இடத்துலேயே நின்னான்.

உலகம்மாள் அந்த ஒரு முழத்தைப் பாத்தா, பெறகு தெய்வசிகாமணியைப் பாத்தா. “நீங்க சொல்லல தம்பி.”

“எப்படிக்கா சொல்றது? உடனே போயிட்டாங்க, வலி தெரியலைன்னு சொன்னேன். வயசானவங்க. இதைக் கேட்டா தாங்குவாங்களா?”

“அவங்க தாங்குவாங்களாங்கிறது பேச்சில்ல தம்பி. நாங்க இத்தனை வருஷம் இதைத் தாங்கிக்கிட்டு இருந்தோமே, அதுதான் தப்பு. சொல்லுங்க.”

சொன்னான். ஒவ்வொரு வாக்கியமா நிறுத்தி நிறுத்தி, தரையைப் பாத்துக்கிட்டே சொன்னான். ஐவியம்மா முகத்தைத் தூக்கி, சுத்தி நின்ன மொட்டைத்தலை ஒவ்வொண்ணையும் பாத்தா, கையில குடத்தோட நின்ன பொம்பளைங்களைப் பாத்தா. கடைசியா ஒரே ஒரு கேள்வி கேட்டா. எவ்வளவு நேரம் தண்ணி கேட்டான்னு கேக்கறாங்கன்னு தெய்வசிகாமணி சொன்னான். உலகம்மாளுக்கு அது தெரியாது, மாமியார் அதை மட்டும் சொல்லல.

நிலைப்படியைப் பிடிச்சுக்கிட்டு வெயிலுமுத்து வந்து நின்னார். கம்பு கையில இல்ல.

“கொடை முடியற வரைக்கும் தாயி. எனக்குக் கேட்டுக்கிட்டேதான் இருந்துச்சு. நான்தான் அடிக்கச் சொன்னேன்.”

அதை மாத்திச் சொல்லி முடிக்கவும் சின்னவன் எறங்கிட்டான். சத்தமே இல்ல. பூட்ஸு மண்ணுல பட்டு, முழங்கால் மடிஞ்சு, தங்கச்சி தோள்மேல முழு பாரமாச் சாஞ்சான். அவ அந்தப் பாரத்தைத் தாங்கமாட்டாமத் தாங்கி, மெள்ளப் படுக்க வச்சு, வெடிச்ச உதட்டைத் தன் விரலால தொட்டுப் பாத்தா. பாட்டி வயசு தங்கச்சிக்குப் பேரன் வயசு அண்ணன். குவிஞ்ச கையை விரிக்கப் பாத்தா, விரியல.

பொம்பளைங்களுக்கு அப்போதான் தங்கள் வேலை ஞாபகம் வந்துச்சு. மிச்சமிருந்தது இந்த ஒரு நீர்மாலைதான், ஊர்க்கிணத்துத் தண்ணி, வாய் நிறையத் தளும்புற பித்தளைக்குடம், வேப்பிலை போட்டது. வரிசையா முன்னால வந்தாங்க. முதல் குடம் உலகம்மாள் கையில கொடுத்தாங்க, அவதான் ஊத்தணும்னு ஊரு அந்த நிமிஷத்துல முடிவு பண்ணிருச்சு, அதுல ஒரு மன்னிப்பும் இருந்துச்சு. செல்லையாகூடக் குடத்தைப் பிடிக்கக் கை கொடுத்தான். அவளும் குனிஞ்சா.

ஐவியம்மா கையைக் குறுக்கே நீட்டினா. கோவமா இல்ல, சத்தமாவும் இல்ல. சொன்னதைத் தெய்வசிகாமணி மாத்திச் சொன்னான்.

“தண்ணி வேண்டாங்கிறாங்க. உங்க தண்ணி அவனுக்கு வேண்டாமாம்.”

தன் பாவாடை நுனியால அண்ணன் முகத்துல இருந்த புழுதியைத் துடைச்சா, எச்சில் தொட்டுக்கூடத் துடைக்கல, வெறும் துணியாலேயே துடைச்சா. டிரைவரும் தெய்வசிகாமணியும் தலைமாட்டுல பிடிக்க, கால்மாட்டை அவளே பிடிச்சு, பின்சீட்டுல படுக்க வச்சுத் தலையைத் தன் மடியில வச்சுக்கிட்டா. கார் கிளம்பிக் கண்மாய்க்கரை திரும்பி மறைஞ்சது. ஒருத்தரும் குறுக்கே போகல.

பொம்பளைங்க குடத்தோட அப்படியே நின்னாங்க. பிணத்துக்குன்னு எடுத்த தண்ணி, வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடாது, கிணத்துல திரும்ப ஊத்தக்கூடாது, செடிக்கு ஊத்தக்கூடாது, வேற யாருக்கும் குடுக்கக்கூடாது. அவனுக்குன்னு எடுத்ததை அவன் மேலேதான் ஊத்தணும். உலகம்மாள் இடுப்புல குடம் கனத்துக்கிட்டே இருந்துச்சு. பொழுது எறங்கினப்போ பக்கத்துல நின்னவ, “மதினி, இதை எங்கே வைக்கிறது?”ன்னு கேட்டா. உலகம்மாளுக்குத் தெரியல.